பங்குனி ஆமைக்கு வலிக்குமா?

வாயில்லா நோயாளிகள்: கால்நடை மருத்துவர் எழுதும் வாராந்திரப் பகுதி

கருத்தடை ஆபரேஷன் முடிந்த நாய்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘‘பையன் ஆசைப்பட்டான்னு சிவப்புக் காது ஆமை ஒண்ணு வளர்க்கிறோம். காதுகிட்ட கட்டி வந்து, ஆபரேஷன் பண்ணி சீழ் எடுத்தாங்க. நாலு நாளா எதுவும் சாப்பிடலை. ஒரே இடத்துல கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கு. வலிக்கு மருந்து வேணாமான்னு கேட்டேன். ‘ஆமைக்கெல்லாம் அவ்வளவா வலி தெரியாது’ன்னு சொல்லிட்டாங்க. உண்மையா டாக்டர்?’’

உண்மையில்லை அம்மா. உங்கள் ஆமைக்கு வலிக்கிறது என்றுதான் நீங்கள் சொன்னதை வைத்து எனக்குத் தோன்றுகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இதே கேள்வியை முகத்துக்கு நேராக என்னிடம் கேட்டு என்னை வாயடைக்க வைத்த ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லைட் ஹவுஸ் குப்பத்தில் ஒரு காலை

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக் கடல், நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. பாலத்தைத் தாண்டி அந்தத் திட்டுக்குப் போனால் லைட் ஹவுஸ் குப்பமும் அதைச் சுற்றி மற்ற மீனவக் குப்பங்களும். பூநாரைகளைப் பார்க்க வருகிறவர்கள் ஏரிப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். கடல் பக்கத்து மணலுக்குத் தை, மாசி, பங்குனி மாதங்களில் வேறொரு விருந்தாளி வருகிறது. ராத்திரியில் கரையேறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும் பங்குனி ஆமை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். அதிகாலையில் கடலுக்குப் போன ஒரு ஃபைபர் போட்டுக்காரர், யாரோ அறுத்துவிட்ட நைலான் வலைத் துண்டு மிதப்பதைப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு பெண் ஆமை. வலையின் கண்ணி இடது முன் துடுப்பில் இறுகி, சதையை அறுத்து எலும்புவரை போயிருந்தது. அவிழ்த்துவிட்டும் அதனால் முங்க முடியவில்லை. அவரும் கூட இருந்தவரும் அன்றையப் பாட்டை விட்டுவிட்டு, 40 கிலோ இருக்கும் அந்த உயிரைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வனத்துறைக்குத் தகவல் போனது. அவர்களோடு நானும் போனேன்.

நான் போனபோது ஆமையைச் சுற்றி ஊரே நின்றது. முன் வரிசையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு ஆயா. போட்டுக்காரரின் அம்மா. ஆமையின் கண்ணிலிருந்து கெட்டியாக நீர் வழிந்துகொண்டிருந்தது.

‘‘பாரு டாக்டரம்மா, எப்படி அழுவுது. வலிக்குது அதுக்கு’’ என்றார்.

எனக்குப் பதில் தெரியும் என்கிற தெம்பில் சொன்னேன். ‘‘அது வலியில வர்ற கண்ணீர் இல்ல ஆயா. கடல் தண்ணியில சேர்ற உப்பை வெளியே தள்ள ஆமைக்குக் கண்ணுக்குப் பக்கத்துல ஒரு சுரப்பி இருக்கு. உப்புத் தண்ணிதான் அப்படி வழியுது. முட்டை போடும்போதும் இப்படித்தான் வழியும்.’’

ஆயா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: ‘‘அப்ப அதுக்கு வலிக்கலையா?’’

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. கண்ணீர் எது இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. வலி எது என்று சொல்லத் தெரியவில்லை.

ஐஸ் பெட்டியில் வைத்த சாரைப்பாம்பு

ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாட்களில், தோட்டத்து நைலான் வலையில் சிக்கி வயிற்றுப் பக்கம் கிழிந்துபோன ஒரு சாரைப்பாம்பைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்த ஒரு வழி இருந்தது. பாம்பைக் குளிரில் வைத்தால் மரத்துப்போகும், பிறகு தையல் போடலாம். அப்படியே செய்தேன். ஐஸ் பெட்டியில் வைத்து, அசைவு நின்றதும் எடுத்து, பதினோரு தையல் போட்டேன். மரப்பு ஊசியும் இல்லை, வலி மருந்தும் இல்லை. பாம்பு அசையவே இல்லை. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பாம்பு, பல்லி, ஆமை, முதலை எல்லாம் ஊர்வன. உடம்புச் சூட்டை நம்மைப் போல உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாதவை. சுற்றியிருக்கிற சூடுதான் அவற்றின் சூடு. குளிரில் வைத்தால் தசை வேலை செய்யாது, அதனால் அசைய முடியாது. வலியை உணர்கிற நரம்பு அதனால் அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. நான் செய்தது மயக்கம் கொடுத்த ஆபரேஷன் இல்லை. கையைக் காலைக் கட்டிப்போட்டுச் செய்த ஆபரேஷன். அந்தப் பாம்பு கத்தவில்லை, ஏனென்றால் அதற்குக் கத்தத் தெரியாது. இன்றைக்கு எந்த நல்ல மருத்துவரும் குளிர வைத்து அறுவை செய்ய மாட்டார். யாராவது அப்படிச் செய்யலாம் என்று சொன்னால், அங்கே உங்கள் பிராணியைக் கொடுக்காதீர்கள்.

முகம் மாறாதவர்களின் வலி

நாய் முனகும். பூனை ஓரமாகப் போய் ஒடுங்கும். மாடு பல்லை நறநறக்கும். ஊர்வனவற்றில் பெரும்பாலானவை வலியில் குரல் கொடுப்பதில்லை, முகத்தைச் சுளிக்கத் தசையும் இல்லை. காட்டிலும் கடலிலும் அடிபட்டதைக் காட்டிக்கொண்டால் இன்னொன்றுக்கு இரையாகிவிடும் என்பதால், வலியை மறைக்கிற குணமும் கூடவே வந்திருக்கிறது. நாம் அருகில் போனதும் இன்னும் இறுகி அசையாமல் இருந்துவிடும். ‘சாதுவாக இருக்கிறது’ என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

உள்ளே பார்த்தால் கதை வேறு. காயத்தை உணர்கிற நரம்பு முனைகள், அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற தண்டுவடப் பாதை, வலியைத் தணிக்க உடம்பே சுரக்கிற பொருட்கள், மார்ஃபின் போன்ற மருந்து போய் ஒட்டிக்கொள்கிற இடங்கள் என்று நமக்கு இருப்பவற்றில் பெரும்பாலானவை அவற்றுக்கும் உண்டு.

2007ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கர்ட் ஸ்லாட்கியும் அவரது குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். திருவொற்றியூர் வாசகியின் வீட்டில் இருக்கிற அதே சிவப்புக் காது ஆமையை வைத்துச் செய்தது. பின்னங்காலில் சூடு படும்போது எவ்வளவு நேரத்தில் காலை இழுத்துக்கொள்கிறது என்று அளந்தார்கள். மார்ஃபின் கொடுத்த ஆமைகள் காலை இழுக்க நேரம் எடுத்துக்கொண்டன. வலி குறைந்திருந்தது. அதுவரை ஊர்வனவற்றுக்குப் பல மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுத்துவந்த பியூடார்ஃபனால் என்ற மருந்தைக் கொடுத்த ஆமைகளிடம் மாற்றமே இல்லை. நாயிடமும் பூனையிடமும் பழகிய கையோடு ஆமைக்கும் கொடுத்துவந்த மருந்து அது. ஆமைக்கு அது வலியைக் குறைக்கவில்லை.

அதற்கு முன் 2004ல் ஊர்வன மருத்துவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பும் உண்டு. ஊர்வனவற்றுக்கு வலிக்கும் என்று ஏறக்குறைய எல்லோருமே நம்பினார்கள். ஆனால் தங்களிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் வலி மருந்து கொடுத்ததாகச் சொன்னவர்கள் சிறுபான்மைதான். வலிக்கும் என்று தெரியும், என்ன கொடுப்பது என்று தெரியாது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

துடுப்பை எடுத்த நாள்

பழவேற்காட்டு ஆமைக்கு வருவோம். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் வைத்திருக்கவோ சிகிச்சை செய்யவோ கூடாது. அனுமதியோடு சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனோம். துடுப்பு கறுத்து, ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கியிருந்தது. விட்டால் விஷம் உடம்பெல்லாம் பரவும். எடுத்தே ஆக வேண்டும்.

இந்த முறை ஐஸ் பெட்டி இல்லை. முதல் வேலை, உடம்பில் வற்றிப்போன நீரைச் சரிசெய்வது. நீர் வற்றிய உடம்பில் வலி மருந்து போனால் சிறுநீரகம் கெடும். ஒரு நாள் முழுக்க அதற்கே செலவிட்டோம். பிறகு மயக்க மருந்து. ஆமைக்கு மூச்சை அடக்குவது பிறவிப் பழக்கம். முகமூடி வைத்து மயக்க வாயு கொடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். அதனால் ஊசியில் மயக்கி, மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, ஆபரேஷன் முழுவதும் நாம்தான் அதற்காக மூச்சு விட வேண்டும்.

கத்தி வைக்கும் முன், தோளுக்குப் போகும் நரம்பைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி. பல் பிடுங்குவதற்கு முன் நமக்குப் போடுவார்களே, அதே ஜாதி. வலி கிளம்பிய பிறகு அடக்குவதைவிட, கிளம்பாமல் தடுப்பது எளிது. இது மனுஷனுக்கும் பொருந்தும், ஆமைக்கும் பொருந்தும்.

மற்ற ஊசிகளை வலது தோளில் போட்டோம். இதற்கும் காரணம் இருக்கிறது. ஊர்வனவற்றின் உடம்பில் பின்பாதியிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பங்கு இதயத்துக்குப் போகும் முன் சிறுநீரகத்தைத் தொட்டுக்கொண்டு போகும். பின்னங்காலில் போட்ட மருந்து வேலை செய்யும் முன்பே வெளியேறிவிடலாம், அல்லது சிறுநீரகத்தைக் காயப்படுத்தலாம். ஆகவே முன்பாதியில் போடுவதுதான் பழக்கம்.

ஆபரேஷன் முடிந்தது. நனைத்த ஃபோம் மெத்தையில் வைத்து, ஓட்டையும் கண்ணையும் காயாமல் பார்த்துக்கொண்டோம். முழுசாக விழிக்கப் பல மணி நேரம் ஆனது. அதற்குள் தண்ணீரில் விட்டால் கடல் ஆமையும் மூழ்கிச் சாகும். இதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். ஆமை மீன் இல்லை. அதற்கு நம்மைப் போல நுரையீரல்தான்.

என்ன பார்த்தோம், எப்படித் தெரிந்தது

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தேன். ஆமை தொட்டியில் இருந்தபோது செல்போனில் அரை மணி நேரம் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். எத்தனை தடவை மூச்சு விட மேலே வருகிறது, தலையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறது, ஆள் நிழல் பட்டால் என்ன செய்கிறது, நண்டுத் துண்டைப் போட்டால் எவ்வளவு நேரத்தில் எடுக்கிறது. வலியை அளக்க ஊர்வனவற்றுக்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட மார்க் ஷீட் எதுவும் கையில் இல்லை. அதன் நேற்றைய நடத்தைதான் இன்றைய அளவுகோல்.

இரண்டாம் நாள் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருந்தது. ஆமை அமைதியாக இருந்தது. பணியாளர் தம்பி, ‘‘சூப்பரா ரெஸ்ட் எடுக்குது மேடம்’’ என்றார். நான் தொட்டிப் பக்கம் போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆள் இல்லாதபோதுதான் உண்மை தெரியும். கழுத்து தொங்கியிருந்தது. வெட்டிய பக்கம் அசையாமல் இருக்க உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. மூச்சுக்கு மேலே வரும் தடவைகள் மாறியிருந்தன. நண்டுத் துண்டை மூக்குக்கு நேரே விட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் பக்கம் தண்ணீர் அலை பட்டபோதெல்லாம் துண்டான தோள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

மூன்றாம் நாளும் அப்படியே. வலிக்கிறதா, இல்லை பயமா, இல்லை மயக்கத்தின் மிச்சமா? இந்தச் சந்தேகம் வரும்போது ஒரு வழி உண்டு. வலி மருந்தைக் கொடுத்துவிட்டு, நடத்தை பழையபடி திரும்புகிறதா என்று பார்ப்பது. முதலில் கொடுத்த மருந்தின் வீரியம் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, டிராமடால் கொடுத்தோம். மார்ஃபின் வகையைச் சேர்ந்தது, ஆனால் ஆமையின் மூச்சை மார்ஃபின் அளவுக்கு மந்தமாக்காது. சிவப்புக் காது ஆமையிடம் செய்த ஆய்வில் ஒரே வேளை மருந்தின் பலன் ஒரு நாளைக்கும் மேல் நீடித்திருக்கிறது.

மறுநாள் காலை நான் போகும் முன்பே அந்தத் தம்பி வாசலில் நின்றார். ‘‘மேடம், நண்டு காலியாயிடுச்சு.’’ ஓடிப்போய்ப் பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்தது. என் நிழல் பட்டதும் தண்ணீரை அடித்துவிட்டு விலகியது. முந்தின நாள் நாங்கள் ‘ரெஸ்ட்’ என்று நினைத்தது என்ன என்று இருவருக்கும் புரிந்தது. அந்தச் சாரைப்பாம்பும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்து ஆமைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதனால்தான் அளவுகளை எழுதவில்லை. ஒரே மருந்து ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். மெலாக்சிகாம் ஊர்வனவற்றுக்கு அதிகம் கொடுக்கப்படும் வலி, வீக்க மருந்து. ஆனால் பெருந்தலை ஆமையின் உடம்பு அதைச் சீக்கிரமே வெளியே தள்ளிவிடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஓணானுக்குச் சரியான கணக்கு கடல் ஆமைக்குச் சரி வராது. வெயில் நாளில் மருந்து வேகமாகக் கரையும், குளிர்ந்த தொட்டியில் மெதுவாகக் கரையும். தொட்டியின் சூடு சரியில்லை என்றால் எந்த மருந்துக் கணக்கும் சரியாக வராது. வலி மருந்து எழுதுவதற்கு முன்பு நான் தெர்மாமீட்டரைத்தான் கேட்பேன்.

மனிதர்களின் வலி மாத்திரை இன்னொரு உயிருக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வானத்தை நிறைத்திருந்த கழுகுகள் காணாமல் போயின. 2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மாட்டுக்கு நல்லது கழுகுக்கு எமன். ஆமைக்கும் இதே எச்சரிக்கைதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஆமை, உடும்பு, ஓணான், பாம்பு எதுவானாலும் இவற்றைப் பாருங்கள்:

* சாப்பாட்டை ஒதுக்குகிறதா? ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு சாப்பிட்டது என்பதோடு ஒப்பிடுங்கள்.
* பகலில் கண்ணை மூடியே வைத்திருக்கிறதா? வழக்கமாக வெயில் காயும் இடத்துக்கு வராமல் மூலையில் இருக்கிறதா?
* நடையும் நீச்சலும் கோணலாக இருக்கிறதா? ஒரு காலை ஊன்றாமல் தூக்கி வைக்கிறதா? ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறதா?
* சாதுவாக இருந்தது தொட்டால் கடிக்க வருகிறதா? அல்லது துள்ளிக்கொண்டிருந்தது தொட்டாலும் சும்மா இருக்கிறதா? இரண்டுமே கெட்ட அடையாளம்.
* பாம்பாக இருந்தால், தளர்வாகச் சுருளாமல் உடம்பை விறைப்பாக நீட்டி வைத்திருக்கிறதா? நாக்கை நீட்டுவது குறைந்துவிட்டதா?
* பல்லி, ஓணான் வகை என்றால் நிறம் கறுத்துப்போய் இருக்கிறதா?
* தையலைத் தேய்ப்பது, கடிப்பது உண்டா?

இதில் எதுவும் தனியாக ‘வலி’ என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லாது. இரண்டு மூன்று சேர்ந்து, ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தூரத்திலிருந்து எடுத்த வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மேஜை மேல் வைத்தால் எல்லா ஆமையும் ஒரே மாதிரிதான் இருக்கும். தரை ஆமை என்றால் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு எங்களுக்கு ஓட்டை மட்டும்தான் காட்டும். வள்ளுவர் அடக்கத்துக்கு உவமை சொன்னது அந்த ஆமையை. கடல் ஆமைக்கு அந்த வசதியும் கிடையாது. தலையையும் துடுப்பையும் அதனால் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. ஊர்வனவற்றின் காயம் மெதுவாகத்தான் ஆறும். தையலை நாலு முதல் ஆறு வாரம்வரை விட்டுவைப்போம். நாய்க்குப் பத்து நாளில் பிரிக்கிறார்களே என்று அவசரப்படக் கூடாது.

வலையில் வந்தால்

கரையோரத்துச் சொந்தங்களுக்குத் தனியாகக் கொஞ்சம். இந்த ஆமைக்குச் சிகிச்சை கிடைத்தது அந்தப் போட்டுக்காரர் செய்த நல்ல காரியத்தால். வலையை அறுத்தார், துடுப்பைப் பிடித்து இழுக்கவில்லை. துடுப்பைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு கழன்றுவிடும். ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மல்லாக்கப் போடக் கூடாது. நிழலில் வைத்து, ஈரத் துணியால் ஓட்டை மூடலாம். மூக்கை மூடக் கூடாது.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ளிவிடாதீர்கள். மூச்சு முட்டி மயங்கிக் கிடக்கலாம். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் நுரையீரலில் போன தண்ணீர் வடியும். சில சமயம் எழுந்திருக்க ஒரு நாள்கூட ஆகும். மயக்கத்தோடு தண்ணீரில் போட்டால்தான் நிஜமாகவே சாகும்.

2025 ஜனவரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, நுரையீரல் கெட்டு, வலைக்குள் மூச்சு முட்டிச் செத்த அடையாளங்கள் உடற்கூறு ஆய்வில் தெரிந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. ஆமை முட்டையிட வந்து கூடுவது அந்தக் கரையோரத்தில்தான். செவுள் வலையிலும் ஆமை மாட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறுந்த வலையைக் கடலிலேயே விட்டுவிடாமல் கரைக்குக் கொண்டுவருவது ஒவ்வொரு படகும் செய்யக்கூடியது. கடலில் விட்ட வலைக்கு ஓய்வு கிடையாது. வருடக்கணக்கில் அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சென்னையில் 1988லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். 2002ல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியிருக்கிறது. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று பழமொழி சொல்கிற ஊரில், ஆமையைக் காப்பாற்றுவதை வேலையாகவே செய்கிற மீனவப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆயாவின் பதில்

எங்கள் ஆமைக்குக் காயம் ஆற மூன்று மாதம் பக்கம் ஆனது. மூன்று துடுப்பால் நேராக நீந்தக் கற்றுக்கொண்டது. முதலில் வட்டமடித்தது, பிறகு வலது துடுப்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஒரு முன் துடுப்பு இல்லாத ஆமைகள் கடலில் பிழைத்து, கரையேறி முட்டையிட்டதை உலகின் பல கரைகளில் பார்த்திருக்கிறார்கள். குழி தோண்டத் தேவையான பின்னங்கால் இரண்டும் இதற்கு நன்றாக இருந்தன. வனத்துறை அனுமதித்தது. கிடைத்த இடத்துக்கு அருகிலேயே விட்டோம்.

ஈர மணலில் இறக்கி வைத்ததும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. ஒரு அலை வந்து தொட்டது. அடுத்த அலைக்கு உடம்பைத் திருப்பியது. மூன்றாவது அலையில் காணோம்.

பக்கத்தில் ஆயா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் சொல்லத் தெரியாததை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று, ‘‘ஆயா, வலிக்குதான்னு கேட்டீங்களே. வலிச்சதுதான்’’ என்றேன்.

ஆயா கருவாட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ‘‘அதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்’’ என்றார்.

இனி திருவொற்றியூர் வாசகிக்கு. நாலு நாள் சாப்பிடாமல், கண் மூடிக் கிடப்பதை ‘ஆமைதானே’ என்று விடாதீர்கள். தொட்டியின் சூட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெயில் காயும் இடமும் விளக்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளி நின்று பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். இன்றே ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ‘இதற்கு வலி மருந்து என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை நாளைக்கு’ என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. கட்டி எதனால் வந்தது என்றும் கேளுங்கள். இந்த வகை ஆமைக்குக் காதுக் கட்டி வருவதற்குப் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவும் அழுக்குத் தண்ணீரும்தான் காரணம். அதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த காதிலும் வரும். எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஆமையை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது நம் ஊர் ஆமை இல்லை, நம் ஊர் ஆமைகளின் சாப்பாட்டையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் பையனிடம் ஒன்று சொல்லுங்கள். சத்தம் போடாத உயிரைக் கவனிக்க, சத்தம் போடுகிறதைவிட அதிக நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவனுக்கு நேரம் இருக்கும். அவனையே பார்க்கச் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள்.

(அடுத்த வாரம்: மழைக்காலத்தில் ஆடுகளுக்கு வரும் குளம்பு அழுகல்)